கண்ணாடி மாட்டப் போனவன்

எங்கள் வீட்டுக் கண்ணாடியில் எனக்குத் தலை கிடையாது.

கழுத்துக்குக் கீழேதான் நான். சட்டைப் பொத்தான்கள், அவற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் தொந்தி, பெல்ட், இரண்டு கால்கள். அவ்வளவுதான். இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அந்தக் கண்ணாடி படுக்கையறையில், ஒரு பக்கம் பீரோ, இன்னொரு பக்கம் அழுக்குத்துணிக் கூடை, நடுவில் தரையில் நின்றபடி சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது. மாட்ட வேண்டிய கண்ணாடி. மாட்டப்படவில்லை. காரணம் நான். நான் என்றால், என் சபதம்.

குடிவந்த அன்று சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்.

"பக்கத்து வீட்டு மாஸ்டர்கிட்ட ட்ரில் இருக்காம். கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல கண்ணாடியை மாட்டிக் குடுத்துடுவார்."

"எதுக்கு அவரு? நான் இல்லையா?"

"நீங்க இருக்கீங்க. ட்ரில் இல்லையே."

"வாங்கிட்டாப் போச்சு. இந்தக் கண்ணாடியை என் கையால நான் மாட்டுவேன். இந்த வீட்டுச் சுவத்துல அடுத்தவர் ஓட்டை போட விடமாட்டேன்."

பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்த லாரிக்காரர்கள்கூட அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள். குரலில் அப்படி ஒரு கம்பீரம். என் மனைவி மட்டும் "சரிங்க" என்றாள். அவள் "சரிங்க" என்றால் எங்கேயோ எதுவோ சரியில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் எனக்கு அது உறைப்பதில்லை.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். பிள்ளைகளைக் கையைத் தூக்கு, காலை நீட்டு, குனி, நிமிர் என்று ஆட்டிவைத்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு காரை ஷெட்டிலிருந்து தெருவுக்குத் தள்ளினார். காலியான ஷெட்டில் மிஷின் மிஷினாக வாங்கி அடுக்கினார். சுவரைத் துளைக்க, மரத்தை அறுக்க, பலகையை இழைக்க, வேலிச் செடியைக் கத்தரிக்க. உதிர்ந்த இலையை ஊதித் தள்ளக்கூட ஒன்று. ஆக இப்போது அவர் இரண்டு அர்த்தத்திலும் டிரில் மாஸ்டர். ரம்பமும் அவரிடம் இரண்டு. ஒன்று ஷெட்டில் இருந்தது, இன்னொன்று வாயில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஷெட்டைத் திறப்பார். கொஞ்ச நேரத்தில் "வ்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். தெருவில் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் திறப்பேன். மதில் சுவரோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் போய் நிற்பேன். செடி அழுகிவிட்டது. நான் நிற்பதை நிறுத்தவில்லை.

எனக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர்கள் எழுதியதில் ஒற்று சேர்க்கிறேன், கால் வெட்டுகிறேன், புள்ளி அழிக்கிறேன். வேலையைச் சரியாகச் செய்தால் நான் செய்தது யாருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால் மட்டும்தான் என்னைத் தேடுவார்கள். என் கையால், இது நான் செய்தது என்று தொட்டுக் காட்டும்படி, இந்த உலகத்தில் ஒரு பொருள் கிடையாது. ஒரு பொருள்கூட வேண்டாம். ஒரு ஓட்டை போதும். நேரான, வட்டமான, ஆழமான ஒரு ஓட்டை. அதில் ஒரு ஸ்க்ரூ. அதில் அவள் முகம் பார்க்கும் கண்ணாடி. இதற்குத்தான் ஏங்கினேன்.

அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு ஹார்டுவேர் கடை. கண்ணாடி அலமாரியில், நடுத்தட்டில், நீல நிறத்தில் ஒரு பேட்டரி ட்ரில். பக்கத்திலேயே அதன் பெட்டி, உள்ளே வரிசையாகத் துளை போடும் பிட்டுகள், ஒல்லியிலிருந்து குண்டு வரை. சாயங்காலம் என் கால் தானாக அங்கே திரும்பிவிடும்.

"வாங்க சார். இன்னிக்கும் பாக்கத்தானா?" என்பார் கடைக்காரர்.

"இல்ல, இன்னிக்குக் கொஞ்சம் தீவிரமாப் பாக்கலாம்னு."

எடுத்துக் கொடுப்பார். கைப்பிடி உள்ளங்கைக்குள் வந்து உட்காரும். கொஞ்சம் கனம். விரலை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்றும், பலமாக அழுத்தினால் பலமாகச் சுற்றும். விட்டால் நின்றுவிடும். என் வாழ்க்கையில் நான் சொன்னபடி கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

"இந்தப் பொத்தானைத் தள்ளினா ரிவர்ஸ் சார். போட்ட ஸ்க்ரூவைத் திரும்பக் கழட்டிடலாம்."

"போட்டதைக் கழட்டலாமா?"

"எப்ப வேணும்னாலும்."

கல்யாணத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருக்க வேண்டிய வசதி. இதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் துணியால் அதைத் துடைத்து அலமாரியில் வைப்பார். நான் வெளியே வந்து, தெருவைத் தாண்டி, ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். பெண் பார்த்துவிட்டு வந்த நாட்களில்கூட நான் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. இதையும் சொல்லிவிடாதீர்கள்.

நேராகக் கேட்டு வாங்கிக்கொள்வதுதானே என்பீர்கள். முடியாது. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. புதுச் சாமான் எது வந்தாலும், அதை வைக்கிற இடத்தை முதலில் காட்டவேண்டும். சட்டம் இயற்றியவள் அவள். இயற்றக் காரணம் நான் வாங்கிய புல் வெட்டும் மிஷின். ஒரு தடவை லேசாகப் பேச்சை எடுத்துப் பார்த்தேன்.

"வீட்டுக்கு நாலு சாமான் இருந்தா நல்லதுதான், இல்ல?"

"இருக்கே. புல் வெட்டுற மிஷின்."

"அதை ஏன் இப்ப இழுக்கிற?"

"நான் எங்க இழுக்கிறேன். அதுக்குச் சக்கரமே சுத்தல. வாங்கும்போது என்ன சொன்னேன்? எங்க வைப்பீங்கன்னு கேட்டேன். புல்லுல வைக்கலாம்னீங்க."

"ஆமா."

"புல் எங்கன்னு கேட்டேன். வளரும்னீங்க."

"வளரும்னுதான் நினைச்சேன்."

"இப்ப என் ஈரத்துணிதான் அதுமேல காயுது. அடுத்தது என்ன வாங்கப் போறீங்க? மீன் இல்லாத தொட்டியா?"

பேச்சை அத்தோடு விட்டேன்.

இதற்கு நடுவில் டாக்டர் வேறு. வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற டாக்டர், இந்த வருஷம் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். "தினமும் உடம்பு அசையணும். நடக்கணும், குனிஞ்சு நிமிரணும். இல்லைன்னா அப்புறம் மாத்திரைதான், ஆஸ்பத்திரிதான்" என்றார். வீடு வரைக்கும் அவள் ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். நடந்தீங்களா, எப்ப நடப்பீங்க, ஏன் நடக்கல. வீட்டில் ட்ரில் இல்லை என்கிற குறையே தெரியாதபடி என்னைத் துளைத்தெடுத்தாள். நானும் நாளைக்கு, நாளைக்கு என்று கம்பி நீட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அதிர்ஷ்டம் போனில் வந்தது.

அவள் தம்பி தூர தேசத்தில் வேலை பார்க்கிறான். கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் மேற்பார்வை. போன் பண்ணினால் அக்காவிடம் அரை மணி, என்னிடம் "மாமா, நல்லா இருக்கீங்களா" என்று அரை நிமிஷம். அன்றைக்கு அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"தம்பி கேக்கறான். மாமாவுக்கு என்ன வேணுமாம்?"

எனக்கு உள்ளே "வ்ர்ர்ர்" என்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பத்திரிகையை மடித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன்.

"எனக்கென்ன வேணும். ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாமாம்டா" என்று போனில் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"இரு, இரு. அவ்வளவு ஆசையாக் கேக்கறான். வேணாம்னா மனசு கஷ்டப்படுவான். ஒரே ஒரு ட்ரில் போதும்."

"ட்ரில்லா?"

"ட்ரில்தான். எனக்கு இப்ப அதுதான் ரொம்ப அவசியம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஏறும்போது சீக்கிரம் ஏறிவிட்டாள். இறங்கும்போது தொந்தியில் கொஞ்சம் நின்றாள்.

"நிஜமாவே வேணுமா? அப்புறம் வேணாம்னு சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"தினமும் உபயோகப்படுத்துவீங்களா?"

"தினமும். காலையில எழுந்ததும் முதல் வேலை அதுதான்."

"புல் மிஷின் மாதிரி ஆகாதே?"

"ஆகாது. மாஸ்டரை வேணா சாட்சிக்குக் கூப்பிடு."

சும்மா வீறாப்புக்குச் சொன்னேன். அவள் நிஜமாகவே ஜன்னலைத் திறந்து மாஸ்டரைக் கூப்பிட்டாள். மதில் சுவருக்கு மேலே அவர் தலை வந்தது, தலை நிறைய மரத்தூள்.

"மாஸ்டர், இவருக்கு ட்ரில் வேணுமாம். தினமும் காலையில பண்றேன்னு சொல்றார். நீங்க சாட்சி."

"ரொம்ப சந்தோஷம் தங்கச்சி" என்றார் மாஸ்டர். நிஜமாகவே அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் பெருந்தன்மையோடு கையை ஆட்டினேன். பாவம், இனி இந்தத் தெருவில் ட்ரில் வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான் என்று அவரால் சொல்லிக்கொள்ள முடியாதே என்று கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"சரிங்க" என்றாள் மனைவி. "உங்களுக்கு ட்ரில் கிடைக்கும். இது சத்தியம்."

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தேகப்பயிற்சி என்றால் 'டிரில்' என்று போடுவோம், 'டி'. மிஷின் என்றால் 'ட்ரில்', ஒற்று. எழுத்தில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருப்பேன். வாயால் சொன்னாளே. வாய் வார்த்தைக்குப் பிழை திருத்த எந்த அச்சகத்திலும் ஆள் கிடையாது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் விசில் சத்தம். கதவைத் திறந்தேன். அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன், கழுத்தில் கயிறு கட்டிய விசிலோடு மாஸ்டர்.

"ரெடியா சார்?"

"எதுக்கு?"

"டிரில்லுக்கு. நேத்து கேட்டீங்களே."

"நான் கேட்டது மிஷின் ட்ரில் மாஸ்டர்."

"மிஷின் எல்லாம் அப்புறம் சார். முதல்ல உங்க இன்ஜினைப் பாப்போம். கையை மேல தூக்குங்க."

திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் என் துண்டோடு தயாராக நின்றுகொண்டிருந்தாள். சாட்சி வேண்டும் என்று நானே கேட்டேன். தினமும் என்று நானே சொன்னேன். காலையில் முதல் வேலை என்றும் நானேதான். வாயைக் கொடுத்து இவ்வளவு முழுசாக மாட்டிக்கொண்டவன் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

தெருக்கோடி மைதானத்தில் என்னைக் குனிய வைத்தார். குனிந்தேன். நிமிர வைத்தார். அதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. ஓட வைத்தார். பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் முழங்காலைத் தொடும்போதெல்லாம் மாஸ்டர் பழைய மாணவர்களின் கதை ஒன்று சொன்னார். உடம்புக்கு ஒரு ரம்பம், காதுக்கு ஒரு ரம்பம். அன்றைக்கு அச்சகத்தில் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பிழையோடு போய்விட்டது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது அதைவிட வேதனை.

அடுத்த நாள் விசில் கேட்டதும் கொல்லைப்பக்கக் கதவு வழியாக நழுவினேன். அதற்கடுத்த நாள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். விசில் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு மாஸ்டர் வருவதை நிறுத்திக்கொண்டார். மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான்தான் பேச்சை எடுத்தேன்.

"நான் கேட்டது மிஷின்னு உனக்குத் தெரியாதா?"

"மிஷினா? அப்படிச் சொல்ல வேண்டாமா?"

"சொல்லியிருந்தா?"

"எங்க வைப்பீங்கன்னு கேட்டிருப்பேன்."

"எடம் காட்டினா?"

"தாராளமா வச்சுக்கலாம். இவ்வளவு பெரிய பெட்டிக்கு ஒரு எடம் காட்டுங்க." கையால் பெட்டியின் நீள அகலம் காட்டினாள். சரியாகக் காட்டினாள். இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இடம் காட்டினால் ட்ரில் என்கிற ஒன்றுதான் மண்டையில் ஏறியது.

அந்த விடுமுறை நாள் முழுக்க வீட்டை அலசினேன். பீரோ மேலே சூட்கேஸ்கள். கட்டிலுக்கு அடியில் போர்வை மூட்டை, அதற்கும் அடியில் அவள் தையல் மிஷினின் மூடி. பரணில் பாத்திரங்கள், அவற்றைத் தொட்டால் கணக்குக் கேட்பாள். சமையலறைப் பக்கம் எனக்கு அனுமதி கிடையாது. ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் ஸ்கூட்டரே ஒரு பக்கமாகத்தான் நிற்கிறது. வெளியே புல் மிஷின், மேலே ஈரத்துணி. படுக்கையறைக்குத் திரும்பி வந்து, கண்ணாடி முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று யோசித்தேன். கண்ணாடிக்குள் என் தொந்தியும் சேர்ந்து யோசித்தது. ஒரு பெட்டி. ஒரு சின்னப் பெட்டி. அதற்கு இடமில்லாத வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன்.

"இந்த வீட்டுல ஒரு பெட்டி வைக்க எடமே இல்ல" என்று ஒப்புக்கொண்டேன்.

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக அடுக்களைக்குப் போனாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். நான் எப்போதுமே அப்படித்தான், கொஞ்சம் தப்பாகவே அவளைப் படிப்பேன்.

ஹார்டுவேர் கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன். வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் வந்தால் நானும் ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரு சாயங்காலம் அச்சகத்திலிருந்து கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டேன். அவள் தன் சிநேகிதி வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். படுக்கையறையில், கண்ணாடி முன்னால் மண்டியிட்டு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். முகம் தெரிய வேண்டுமென்றால் அந்தக் கண்ணாடிக்கு அப்படித்தான் மண்டியிட வேண்டும். பொட்டு வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கையைப் பீரோவில் ஊன்றி, இன்னொரு கையால் முழங்காலைப் பிடித்து, மெல்ல எழுந்தாள். வலி இருக்கிறது. நான் நிற்பதைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் கையால் மாட்டுவேன் என்று நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இவள் தினமும் தரையில் மண்டியிட்டு முகம் பார்க்கிறாள். ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை.

"மாஸ்டரைக் கூப்பிடு" என்றேன்.

"எதுக்கு?"

"கண்ணாடியை மாட்டச் சொல்லு. அஞ்சு நிமிஷ வேலைதானே."

"உங்க சபதம்?"

"அது கிடக்கட்டும். எனக்கு வேணாம். ட்ரில்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ நின்னு முகம் பாத்தாப் போதும்."

கைப்பையைக் கட்டில் மேல் வைத்தாள்.

"சரி. அவர் வர்றதுக்குள்ள அந்தச் சுவத்தைக் கொஞ்சம் துடைச்சு வையுங்க. ஒட்டடையா இருக்கும். கண்ணாடியை இந்தப் பக்கம் நகத்துங்க."

கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினேன்.

பின்னால், சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த சந்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், நீல நிறத்தில் அந்த ட்ரில் பெட்டி நின்றுகொண்டிருந்தது. தூசு இல்லை. அந்த இடத்தைத் தினமும் யாரோ கூட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன்.

"தம்பி அங்கேயிருந்தே இங்க ஒரு கடையில ஆர்டர் போட்டு அனுப்பிட்டான்" என்றாள். "நீங்க குளியலறையில ஒளிஞ்சுக்கிட்டீங்களே, அன்னிக்கே வந்துடுச்சு."

"அன்னிக்கேவா? நான் வீடு பூரா எடம் தேடினப்போ?"

"அப்பவும் இங்கதான் இருந்துச்சு. இதுக்கு நேர் முன்னாடி நின்னுதான் எடமே இல்லைன்னு சொன்னீங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல."

"இங்க ஏன் வச்ச?"

"வேற எங்க வச்சாலும் நீங்க பாத்துடுவீங்க. துடைப்பம் போற எடத்துல வச்சா பாக்க மாட்டீங்க. ஒரு நாளாவது இந்த மூலையைக் கூட்டியிருந்தா அன்னிக்கே கிடைச்சிருக்கும்."

"அப்ப மாஸ்டரைக் கூப்பிட்டு மாட்டியிருக்கலாமே. தினமும் மண்டிபோட்டுக்கிட்டு..."

"மாட்டியிருக்கலாம்" என்றாள். "நீங்க மாட்டுறேன்னு சொன்னீங்களே. எனக்கும் அதுதான் வேணும்னு இருந்துச்சு."

அதை அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்குத்தான் ஏக்கம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிநேகிதிக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பேட்டரியைச் சார்ஜில் போட்டோம். அது ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை வந்தது. பென்சிலால் சுவரில் இரண்டு புள்ளி வைத்தேன். அவள் பழைய பத்திரிகையை மடித்து, தூசு விழாமல் புள்ளிக்குக் கீழே ஏந்திப் பிடித்தாள்.

"கொஞ்சம் மேல" என்றாள். "ஆங், அங்கதான்."

அழுத்தினேன். வ்ர்ர்ர். முதலில் சுண்ணாம்பு வெள்ளையாக உதிர்ந்தது. பிறகு செங்கல் சிவப்பாக. அதிர்வு தோள் வரைக்கும் ஏறியது. நிறுத்தி ஊதிப் பார்த்தேன். நேராக, வட்டமாக, ஆழமாக ஒரு ஓட்டை. இத்தனை வருஷமும் அடுத்தவர் வைத்த புள்ளியை அழித்தவன் வைத்த முதல் புள்ளி. விரலை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. கண் கலங்கியது. தூசு விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவளும் தூசுதான் என்று ஒப்புக்கொண்டாள்.

இரண்டாவது ஓட்டை பென்சில் புள்ளியைவிடக் கொஞ்சம் மேலே போய்விட்டது. பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் பிளக்கை ஓட்டைகளில் செருகி, ஸ்க்ரூவை முறுக்கி, இரண்டு பேருமாகக் கண்ணாடியைத் தூக்கி மாட்டினோம். ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"சாயுது. திருத்தட்டுமா?"

"வேணாம். எல்லாத்தையும் திருத்தாதீங்க. இருக்கட்டும்."

இந்த வீட்டுக் கண்ணாடியில் அன்றைக்குத்தான் எனக்குத் தலை முளைத்தது. பக்கத்தில் அவள் தலை. இரண்டும் கொஞ்சம் சாய்வாக. நெற்றியில் சிவப்புத் தூசோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

கை கழுவிவிட்டு வந்தேன். பிட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். மூடினேன். "டக்" என்று அழகான சத்தம்.

"எங்க வைப்பீங்க?" என்றாள்.

"எங்கன்னா? இருந்த எடத்துலதான்."

"அது கண்ணாடி சாஞ்சிருந்ததால கிடைச்ச எடம். கண்ணாடி மேல போயிடுச்சு. எடம் போச்சு."

யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் ட்ரில்லுக்கு இருந்த ஒரே இடத்தை அந்த ட்ரில்லைக் கொண்டே நான் ஓட்டை போட்டு ஒழித்திருக்கிறேன்.

"அதனால மாஸ்டர்கிட்ட பேசி வச்சுட்டேன்" என்றாள். "அவர் ஷெட்டுல ஒரு தட்டு காலி பண்ணியிருக்கார். உங்களுக்குன்னு தனியா. எப்ப வேணா போய்ப் பாக்கலாம், எடுக்கலாம், ஓட்டை போடலாம்."

"எப்ப வேணாவா?"

"தினமும் காலையில. மைதானத்துல டிரில் முடிஞ்சு வந்ததும் திறப்பாராம்."

இந்தத் தடவை 'டி' எனக்குத் தெளிவாகவே கேட்டது. மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன விசில் சத்தமும் கேட்டது. என்னிடம் ஒரு வாதம் மட்டும் மிச்சமிருந்தது.

"கண்ணாடிதானே மேல போச்சு? கீழ தரை அப்படியே காலியாத்தானே கிடக்கு? அங்க வச்சா என்ன?"

"காலியாவா இருக்கு?" என்றாள். "பாருங்க."

குனிந்து பார்த்தேன். பெட்டி இருந்த அதே இடத்தில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. புத்தம் புதுசு. என் அளவு.